கொழுப்புக் கல்லீரலில் ஒரு புள்ளி: குமிழி ஊசி ஸ்கேன் பற்றி வாசகர் கேள்விகள்

ஃபேட்டி லிவர் பற்றி எழுதியபோது, எந்த எண்ணெய் நல்லது, எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்றுதான் கடிதங்கள் வரும் என்று நினைத்தேன். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். "கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதாம், கூடவே ஒரு புள்ளியும் இருக்கிறதாம், பரவிவிட்டதா டாக்டர்?" இதுதான் பல கடிதங்களில் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கும், இதைத் தெளிவாக்க உதவும் குமிழி ஊசி ஸ்கேனுக்கும்தான். கையில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் அது. தினமும் ஸ்கேன் அறையில் உட்காருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாருடைய பெயரையும் போடவில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, ஆறு மாதம் கீமோவும் முடிந்தது. இப்போது செக்கப்புக்கு எடுத்த வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர், நான்காவது செக்மெண்டில் பித்தப்பைக்குப் பக்கத்தில் 18 மில்லிமீட்டர் கருப்புப் பகுதி, செகண்டரியா என்று பார்க்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். செகண்டரி என்றால் வேறு இடத்திலிருந்து பரவி வந்த கட்டியாம். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு இன்னொரு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ஊசி போட்டால் கட்டி கிளறிவிட்டுப் பரவும் என்று சித்தப்பா வேறு சொல்கிறார். (ஒரு மகள், ஈரோடு)

முதலில் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்: இந்த ஊசி கல்லீரலில் போடுவதில்லை. குளுக்கோஸ் ஏற்றும்போது போடுகிற மாதிரி கையில் போடும் நரம்பு ஊசிதான். கட்டியை யாரும் தொடப்போவதில்லை. கட்டியிலிருந்து சதை எடுக்கும் பயாப்சியையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், அது வேறு இது வேறு.

அடுத்தது அந்தப் புள்ளி இருக்கும் இடம். பித்தப்பைக்குப் பக்கம், நான்காவது செக்மெண்ட் (கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எண் போட்டிருக்கிறோம்) என்று படித்ததுமே எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, காரணம் சொல்கிறேன். கொழுப்பு ஏறிய கல்லீரல் அல்ட்ராசவுண்டில் வெள்ளை வெளேரென்று தெரியும். ஆனால் கல்லீரல் முழுக்க ஒரே சீராகக் கொழுப்பு ஏறுவதில்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது, கொழுப்புக்கான சரக்கும் அதோடுதான் வருகிறது. பித்தப்பையை ஒட்டிய பகுதிக்கும் கல்லீரலின் வாசல் பக்கத்துப் பகுதிக்கும் பலருக்கு வேறு சின்னச் சின்னச் சிரைகள் வழியாக ரத்தம் வரும். அதனால் அந்த இடம் மட்டும் கொழுப்பு ஏறாமல் தப்பித்துவிடும். சுற்றிலும் வெள்ளையாக இருக்க, நல்ல கல்லீரலாகவே இருக்கும் அந்தத் துண்டு கருப்பாகத் தெரியும். பார்க்கக் கட்டி மாதிரியே இருக்கும். ஆனால் குடல் புற்றுநோய் பரவினாலும் கொழுப்புக் கல்லீரலில் இதே மாதிரி கருப்பாகத்தான் தெரியும், அங்கேதான் சிக்கல். சாதாரண ஸ்கேனில் இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட் எழுதியவர் 'பார்க்கவும்' என்று எழுதியது சரிதான். அவர் முடிவு சொல்லவில்லை, சந்தேகத்தைச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அப்பா எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால்தான் கொழுப்பு ஏறியது என்று இல்லை. குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃபுளூரோயூராசில், இரினோடிகான் போன்ற கீமோ மருந்துகளே கல்லீரலில் கொழுப்பை ஏற்றும். எந்தக் கல்லீரலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டுமோ, அதே கல்லீரலை மருந்து மங்கலாக்கிவிடுகிறது. இதை நான் அடிக்கடி பார்க்கிறேன், இதைப் பற்றி நோயாளிகளிடம் முன்கூட்டியே யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, ஊசி போட்டால் என்ன புதிதாகத் தெரியும்? கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. ஏறக்குறைய கால் பங்கு தமனி வழியாக, முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாக. பரவி வந்த கட்டிக்குச் சாப்பாடு பெரும்பாலும் தமனி வழியாகத்தான். கொழுப்பு தப்பிய நல்ல பகுதி என்றால் அதன் ரத்த ஓட்டம் பக்கத்துக் கல்லீரல் மாதிரியேதான் இருக்கும். நாங்கள் போடும் ஊசியில் இருப்பது மிகமிகச் சின்ன வாயுக் குமிழிகள். சோனோவியூ என்ற மருந்தில் அவை சராசரியாக 2.5 மைக்ரான், சிவப்பு அணுவைவிடச் சிறியவை. அவை ரத்தக் குழாயை விட்டு வெளியே போவதே இல்லை, ரத்தம் போகும் இடமெல்லாம் போகும். அல்ட்ராசவுண்ட் அலை பட்டால் அவை சுருங்கி விரிந்து தனக்கே உரிய ஒரு எதிரொலியைத் தரும். கருவி அந்த எதிரொலியை மட்டும் பிரித்தெடுத்து, சதையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வரும் எதிரொலியை அமுக்கிவிடும். அதாவது கொழுப்பை ஓரமாக வைத்துவிட்டு ரத்தத்தை மட்டும் பார்க்கிறோம். சாதாரண ஸ்கேனில் கொழுப்புக்குள் தேடுவது மூடுபனியில் ஹெட்லைட் போட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி, எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் பனிதான் வெள்ளையாகத் தெரியும்.

அறையில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், அப்பாவின் பயம் கொஞ்சம் குறையும். சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி இருக்கும். அதில் 5 மில்லி சலைன் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி ஆகிவிடும். கல்லீரலுக்கு அதில் பாதி, 2.4 மில்லி போதும். கையில் ஊசிக் குழாய் போட்டு மருந்தைச் செலுத்தி, பின்னாலேயே சலைன் தள்ளி, அந்த நொடியில் ஸ்கிரீனில் கடிகாரத்தை ஓட விடுவோம். ஸ்கிரீன் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கம் வழக்கமான சாம்பல் படம், இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட இருட்டு. 10, 15 நொடியில் அந்த இருட்டுக்குள் தமனி பளிச்சென்று கிளை விரியும், அப்புறம் அரை நிமிடத்துக்குள் கல்லீரல் முழுக்க நிரம்ப ஆரம்பிக்கும். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று சொல்வோம், அவ்வளவுதான் அப்பாவுக்கு வேலை. மொத்தம் ஐந்தாறு நிமிடம்.

அந்த நிமிடங்களில்தான் பதில் இருக்கிறது. புள்ளி இருந்த இடமும் சுற்றியுள்ள கல்லீரலும் ஒன்றாக வெளிச்சமாகி, ஒன்றாகவே இருந்து, ஒன்றாகவே மங்கினால் அது கொழுப்பு தப்பிய இடம், கட்டி இல்லை. ஊசி போட்ட பிறகு அந்தப் புள்ளியைத் தேடினாலும் கிடைக்காது. பரவிய கட்டி என்றால் ஆரம்பத்தில் ஓரத்தில் வளையமாகவோ முழுசாகவோ மின்னிவிட்டு, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்ளேயே மருந்தை இழந்துவிடும். இரண்டு நிமிடம் தாண்டும்போது சுற்றிலும் கல்லீரல் வெளிச்சமாக இருக்க, அந்த இடம் மட்டும் ஓட்டை போட்ட மாதிரி கருப்பாக நிற்கும். சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி, அதாவது ஹெமாஞ்சியோமா என்றால் நடத்தை தலைகீழ்: ஓரத்திலிருந்து திட்டுத் திட்டாக உள்ளே நிரம்பும், நிரம்பியது கடைசிவரை நிற்கும்.

அப்பாவுக்கு எது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள், சிஇஏ என்ற, குடல் புற்றுநோயைக் கண்காணிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பழைய சிடி படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். கீமோவுக்கு முந்தைய படத்தில் அந்த இடம் எப்படி இருந்தது என்பது எங்களுக்குப் பெரிய உதவி. ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை, படங்கள் வேண்டும். அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை, கிரியாட்டினின் 2.3. சிடிக்கு ஊசி போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் குமிழி ஊசியும் சிறுநீரகத்தைக் கெடுக்குமா? (வாசகர், தஞ்சாவூர்)

கெடுக்காது. சிடி ஊசியில் இருக்கும் அயோடின் இதில் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. உள்ளே இருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயு நுரையீரல் வழியாக மூச்சிலேயே வெளியேறிவிடும். இரண்டு நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும், கால் மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாம். சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை. உங்களைப் போன்றவர்களுக்கு இது நிஜமாகவே ஒரு வரம்.

ஆபத்தே இல்லையா என்றால், எந்த மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. இத்தாலியில் 28 மையங்களில் செய்த 23,188 வயிற்றுப் பரிசோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்டார்கள். அதில் கடுமையான எதிர்விளைவு இரண்டு பேருக்கு, உயிரிழப்பு இல்லை. அரிதுதான், ஆனாலும் அவசர மருந்துகள் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும், முடிந்ததும் அரை மணி நேரமாவது உட்கார வைத்து அனுப்ப வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு, கட்டுக்கடங்காத நெஞ்சுவலி, நுரையீரல் ரத்த அழுத்தம் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், இது குடல் சிகிச்சை எடுத்தவர்களுக்கு முக்கியம். இந்த மருந்தில் மேக்ரோகோல், அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. கொலனோஸ்கோப்பிக்கு முதல் நாள் லிட்டர் கணக்கில் குடிக்கக் கொடுக்கிறார்களே, அந்தப் பேதி மருந்து பலவற்றிலும் இருப்பது இதுதான். அதைக் குடித்தபோது உடம்பெல்லாம் தடித்தது, மூச்சு இழுத்தது என்று இருந்தால் இந்த ஊசி உங்களுக்கு வேண்டாம். வெறும் குமட்டல், வயிற்றுப்போக்கு என்றால் பரவாயில்லை, அது அலர்ஜி இல்லை.

கேள்வி: மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து டாமோக்ஸிஃபென் மாத்திரை போகிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. ஸ்கேனில் ஃபேட்டி லிவர், வேறொன்றும் இல்லை என்று வந்தது. கொழுப்புக்குள் எதுவும் ஒளிந்திருந்தால்? குமிழி ஊசி போட்டுப் பார்த்துவிடலாமா? (கோயம்புத்தூர்)

டாமோக்ஸிஃபென் போடும் பெண்களில் கணிசமானவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், தெரிந்த விஷயம்தான். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நோய் திரும்பாமல் காக்கிற மாத்திரை.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கொழுப்புக்குள் கட்டி ஒளிய முடியுமா? முடியும். வெள்ளையாகத் தெரியும் வகைக் கட்டி, வெள்ளையான கல்லீரலுக்குள் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிடும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு அலையே போய்ச் சேராமலும் போகலாம். 'ஒன்றும் இல்லை' என்பதற்குப் பதில் 'தெரிந்தவரை ஒன்றும் இல்லை' என்று வாசித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதனால் உங்கள் மனைவிக்கு இப்போது இந்தப் பரிசோதனை வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் பரவலைத் தேடி வழக்கமாக ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பதுதான் உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல். மேமோகிராமும் டாக்டரின் பரிசோதனையும் தவறாமல் நடக்கட்டும். எடை காரணமில்லாமல் குறைந்தால், வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால், கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஏறிக்கொண்டே போனால் அப்போது காத்திருக்காமல் வாருங்கள். அந்த நேரத்தில் வெறும் அல்ட்ராசவுண்டோடு நிறுத்த மாட்டோம்.

கேள்வி: லண்டனில் என் மாமியாருக்குக் கல்லீரலில் ஒரு புள்ளி என்றதும் குமிழி ஊசி அல்ட்ராசவுண்ட் எடுத்துச் சாதாரணக் கட்டிதான் என்று சொல்லிவிட்டார்கள். மதுரையில் என் அண்ணனுக்கு அதே மாதிரி புள்ளிக்கு நேராக எம்ஆர்ஐ. ஊருக்கு ஊர் ஏன் இப்படி?

இரண்டும் தவறில்லை. அந்தந்த ஊரில் எது கைக்கு எட்டும், யாருக்கு எதில் பழக்கம் என்பதைப் பொறுத்தது. ஐரோப்பாவில் சோனோவியூ 2001 முதலே இருக்கிறது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2012-இல், சாதாரண அல்ட்ராசவுண்டில் கல்லீரல் புள்ளி என்னவென்று முடிவாகாதபோது இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்காவில் கல்லீரலுக்கு அனுமதி கிடைத்ததே 2016-இல்தான், அதனால் அங்கே டாக்டர்கள் சிடி, எம்ஆர்ஐ பக்கமே சாய்ந்து பழகிவிட்டார்கள். ஜெர்மனியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 1,349 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் 90 சதவீதத்துக்குச் சற்று மேல் சரியாகச் சொல்ல முடிந்தது. அது பழகிய கைகளின் கணக்கு என்பதை மறக்கக்கூடாது.

ஜப்பான் கதை தனி. அங்கே 2007 முதல் சோனாசாய்டு என்று வேறொரு குமிழி மருந்து. கல்லீரலில் குப்ஃபர் அணுக்கள் என்று துப்புரவு அணுக்கள் இருக்கின்றன, அவை இந்தக் குமிழிகளை விழுங்கி வைத்துக்கொள்ளும். ஊசி போட்டுப் பத்து நிமிடம் கழித்தும் நல்ல கல்லீரல் வெளிச்சமாகவே இருக்கும், அந்த அணுக்கள் இல்லாத கட்டி மட்டும் கருப்பாக நிற்கும். ஐந்து நிமிட அவசரம் இல்லாமல் மூலை முடுக்கெல்லாம் தேடலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. ஆனால் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த கல்லீரலில் அந்தத் துப்புரவு அணுக்களே சோர்ந்துபோகும், அங்கே வெளிச்சம் குறையலாம்.

இந்த யோசனை ஒன்றும் புதிதும் இல்லை. 1968-இல் அமெரிக்காவின் ராசெஸ்டரில் ரேமண்ட் கிராமியாக், பிரவின் ஷா என்ற இரண்டு டாக்டர்கள், இதயத்துக்குள் வேறொரு மருந்தைச் செலுத்தியபோது அல்ட்ராசவுண்டில் மேகம் மாதிரி எதிரொலி வருவதைப் பதிவு செய்தார்கள். குமிழிகளை ஒரே அளவாக, நுரையீரலைத் தாண்டியும் உடையாமல் இருக்கும்படி தயாரிக்கத்தான் இத்தனை காலம் ஆனது.

நம் ஊரில் செய்ய நினைத்தால் போனிலேயே மூன்று விஷயம் கேளுங்கள். மருந்து இருக்கிறதா, கருவியில் கான்ட்ராஸ்ட் வசதி இருக்கிறதா, அதை வழக்கமாகச் செய்கிற டாக்டர் இருக்கிறாரா. மூன்றாவதுக்கு இல்லை என்று பதில் வந்தால் உங்கள் அண்ணனுக்குச் சொன்ன மாதிரி எம்ஆர்ஐக்குப் போவதே நல்லது.

கேள்வி: தம்பிக்குக் குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவி மூன்று செகண்டரி இருந்தது. கீமோவுக்குப் பிறகு சிடியில் ஒன்றுதான் தெரிகிறது. இரண்டு கரைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். சர்ஜன் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார், ஆபரேஷன் நடக்கும்போதும் ஊசி போட்டு அல்ட்ராசவுண்ட் பார்ப்பேன் என்கிறார். வீண் செலவோ என்று தோன்றுகிறது. (திருச்சி)

வீண் இல்லை ஐயா. உங்கள் சர்ஜன் கவனமானவர்.

சிடியில் தெரியவில்லை என்றால் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சிடியில் நல்ல கல்லீரலின் அடர்த்தி ஏறக்குறைய 60 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு. கொழுப்பு ஏற ஏற அது 40-க்குக் கீழே இறங்கிவிடும். பரவிய கட்டி சிடியில் தெரிவதே கல்லீரலைவிட இருட்டாக இருப்பதால்தான். கல்லீரலே இருட்டாகிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் குறைந்துபோகிறது. கீமோ கட்டியைச் சுருக்குகிறது, அதே கீமோ கல்லீரலில் கொழுப்பை ஏற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் இருக்கும் கட்டியும் மறையும். பிரான்சில் இதையே தேடிப் பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். கீமோவுக்குப் பிறகு ஸ்கேனில் மறைந்துபோன 66 கட்டிகளில் 55 உண்மையில் போகவில்லை. ஆபரேஷனில் உயிரோடு கிடைத்தன, அல்லது விட்டு வைத்த இடத்தில் மறுபடி வளர்ந்தன. படத்தில் மறைந்ததை நம்பி விட்டுவிட முடியாது என்று சர்ஜன்கள் சொல்வது இதனால்தான்.

இங்கே முதல் இடம் எம்ஆர்ஐக்குத்தான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதுவும் கல்லீரல் அணுக்கள் உறிஞ்சிக்கொள்ளும் காடாக்ஸெட்டிக் அமிலம் என்ற ஊசியோடு. ஊசி போட்டு 20 நிமிடத்தில் கல்லீரல் பளிச்சென்று ஆகிவிடும், கட்டி கருப்பாக நிற்கும். கூடவே எடுக்கும், திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் சில மில்லிமீட்டர் கட்டியும் மாட்டும். கொழுப்பை எம்ஆர்ஐயால் தனியாகக் கழித்துப் பார்க்க முடியும். கல்லீரலின் எந்த மூலையும் விடுபடாது. குமிழி ஊசி ஸ்கேன் எனக்குப் பிடித்த பரிசோதனை, அதற்காக ஆபரேஷனுக்கு முந்தைய கணக்கெடுப்பை அதை மட்டும் வைத்துச் செய்யச் சொல்ல மாட்டேன். எம்ஆர்ஐயில் 'இது என்னவென்று உறுதியில்லை' என்று ஒன்றிரண்டு சின்னப் புள்ளிகள் எப்போதும் வரும், அந்தப் புள்ளிகளைக் குறிவைத்துப் பார்க்க வெளியிலிருந்து குமிழி ஊசி ஸ்கேன் அருமையாகக் கைகொடுக்கும். வேலையை இப்படிப் பிரித்துக்கொள்வதுதான் சரி.

ஆபரேஷன் அறையில் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கே தோல், வயிற்றுக் கொழுப்பு, விலா எலும்பு எதுவும் குறுக்கே இல்லை. அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்பும் புரோபைக் கல்லீரல் மேலேயே வைத்துப் பார்க்கிறார்கள், அலை கொஞ்ச தூரம்தான் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், ஆபரேஷன் நடுவே குமிழி ஊசி போட்டுப் பார்த்ததால் 57 பேரில் 17 பேருக்கு சர்ஜன் தன் திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. எல்லாக் கட்டியையும் எடுத்துவிட்டால் பல ஆண்டுகள் நலமாக வாழ வாய்ப்புள்ள நோய் இது, ஒன்றை விட்டுவிட்டால் வயிற்றைத் திறந்ததே வீணாகலாம். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் வேறு எங்காவது குறையுங்கள், இங்கே வேண்டாம்.

கேள்வி: ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிட்டேன், நார்மல். கல்லீரலில் கட்டி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? (சேலம்)

கூடாது. ஃபைப்ரோஸ்கேன் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளக்கிறது. கட்டியைத் தேடுகிற படம் அதில் வராது. பெயரில் ஸ்கேன் என்று இருப்பதால் நிறையப் பேர் இப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ரேடியாலஜி முதலாண்டு படிக்கிறேன். கொழுப்பு அதிகமான கல்லீரலில் குமிழி ஊசி போட்டாலும் ஆழத்தில் ஒன்றும் தெரிவதில்லை. வலது பக்கம் அடியில் எல்லாமே கருப்பு. அது கட்டியா, அலை போகவில்லையா என்று குழம்புகிறேன். சார் என்ன செய்வீர்கள்?

நல்ல கேள்வி தம்பி, கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். மேலே வாசகர்களிடம் கொழுப்பை ஓரமாக வைத்துவிடலாம் என்று சொன்னேன். அது படத்தின் நிறத்துக்குப் பொருந்தும், அலையின் பயணத்துக்குப் பொருந்தாது. கொழுப்பு அலையை வழியிலேயே தின்றுவிடும். குமிழி உடையாமல் இருக்க நாம் மெக்கானிக்கல் இண்டெக்ஸை, அதாவது அலையின் வலிமையைக் காட்டும் எண்ணை, 0.1 பக்கம் தாழ்த்தி வைக்கிறோம், அதனால் அலை ஏற்கெனவே பலவீனம். ஆழத்தில் குமிழி இருந்தாலும் அதன் சத்தம் நமக்குக் கேட்காது. அங்கே கருப்பாகத் தெரிவதற்கு 'மருந்து வெளியேறிவிட்டது' என்று எழுதினால் இல்லாத கட்டியை எழுதிவிட்டீர்கள்.

பிரித்துப் பார்க்க வழி: கட்டியின் கருப்புக்கு விளிம்பு இருக்கும், அதைத் தாண்டியும் அடியில் வெளிச்சமான கல்லீரல் தெரியும். அலை போகாத கருப்பு படிப்படியாக மங்கி, அடி வரை அப்படியே போகும். அந்த ஆழத்தில் ரத்தக் குழாயாவது தெரிகிறதா பாருங்கள். குழாயே தெரியவில்லை என்றால் உங்களுக்கு அங்கே கண் இல்லை.

நோயாளியை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், கல்லீரல் இறங்கி முன்னால் வரும். விலா இடுக்கு வழியாகப் போனால் ஆழமாக இருந்த இடம் பக்கத்தில் வந்துவிடும். ஃப்ரீக்வென்சியைக் குறையுங்கள், ஃபோகஸை அடியில் வையுங்கள், தேவைப்பட்டால் மெக்கானிக்கல் இண்டெக்ஸை ஒரு படி மட்டும் ஏற்றிப் பாருங்கள். குப்பியில் மிச்சப் பாதி இருக்கிறதே, அதை இரண்டாவது ஊசியாக ஆழத்துக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசியில், ஏற்கெனவே சாதாரண ஸ்கேனில் தெரிந்த புள்ளிக்குத் தமனி வழியாக மருந்து வரும் நேரத்தைப் பிடியுங்கள். இரண்டு நிமிடத்துக்குப் பிறகு கல்லீரல் முழுக்க மெதுவாக ஒரு சுற்று வாருங்கள், சாதாரண ஸ்கேனில் தெரியாத செகண்டரி பெரும்பாலும் அந்தச் சுற்றில்தான் மாட்டும். ஒரு இடத்தையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேயுள்ள குமிழிகளை நீங்களே உடைத்துவிடுவீர்கள், அதுவும் போலிக் கருப்புதான். விட்டு விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் வீடியோவாகச் சேமியுங்கள், ஒரு படம் மட்டும் எடுத்தால் அப்புறம் யாராலும் திரும்பப் பார்த்துச் சொல்ல முடியாது.

வாஷ் அவுட் ஆனதெல்லாம், அதாவது மருந்தை இழந்து கருத்ததெல்லாம், செகண்டரி என்றும் எழுதாதீர்கள். பித்தநாளப் புற்றுநோய் ஏறக்குறைய இதே மாதிரி நடக்கும், சீழ்க்கட்டியும் சில நேரம் ஏமாற்றும். கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய் பொதுவாகத் தாமதமாகவும் லேசாகவும் மருந்தை இழக்கும், நேரத்தைக் குறித்து வைத்திருந்தால்தான் இந்த வித்தியாசம் பிடிபடும். வேறு எங்கும் புற்றுநோய் இல்லாத ஒருவருக்கு முதல்முறையாக இப்படித் தெரிந்தால் பயாப்சி இல்லாமல் முடிவு இல்லை.

கடைசியாக, ரிப்போர்ட்டில் எழுத வேண்டிய ஒரு வரி. எத்தனை சென்டிமீட்டர் ஆழம் வரை தெளிவாகத் தெரிந்தது, எந்தெந்த செக்மெண்ட் தெரியவில்லை என்று எழுதுங்கள். ஏழாவதும் எட்டாவதும் உதரவிதானத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும், பருமனான நோயாளிக்கு அவை தெரியாமல் போவது சகஜம். 'பார்த்தவரை செகண்டரி இல்லை, ஏழு, எட்டாவது செக்மெண்டின் மேல்பகுதி பார்க்க முடியவில்லை, எம்ஆர்ஐ எடுக்கவும்' என்று எழுதிக் கொடுத்தால் கீமோ டாக்டருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.